நாற்பது வினாடி

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

கன்னியர் மடத்தில் சேர்ந்தபிறகும் உன்னைக் குட்டி என்று கூப்பிடலாமா என்று தெரியவில்லை. இதை மதர் பிரித்துப் படிப்பார்கள் என்றால் அவர்களுக்கும் என் வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முழங்கால் போட்டே அதைத் தேய்த்துவிடப் போகிறாய்.

பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்தது. உன் அத்தானுக்குக் கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தாலும் லாரியின் கிளட்சை மிதிக்க முடியுமா என்று கேட்டால், டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "பார்ப்போம்" என்கிறார். இவர் படுத்தபடியே பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். அவள் இவர் கட்டைப் பிடித்து எழுந்து நிற்கிறாள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சட்டைத் தொழிற்சாலையில் நேரக் கணக்குப் பிரிவு. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வேலையை முடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று நான் அளந்து கொடுத்தால், அதை வைத்து ஒரு மணிக்கு இத்தனை என்று இலக்கு போடுவார்கள். எட்டாதவர்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கும் ஆறு மாதம் தற்காலிகம்தான்.

முதல் வேலையாக, புது மாடல் சட்டைக்குக் காலர் பொருத்தும் நேரத்தை அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். மேலாளர் சொன்னார்: "பக்கத்துல நின்னு பார்த்தா எல்லாரும் வேணும்னே கை மெதுவாப் போடுவாங்கம்மா. நேரம் கூடக் காட்டினாத்தானே இலக்கு குறையும்? அதைக் கழிச்சுட்டுப் போடுங்க." எவ்வளவு கழிப்பது என்று கேட்டேன். "அதுக்குத்தானே படிச்சவங்களை வெச்சிருக்கோம்" என்றார்.

நான் படித்தது வெறும் புள்ளியியல். பொருளாதாரத்தில் பதக்கம் வாங்கியவள் நீ. எவ்வளவு கழிக்கட்டும்? சீக்கிரம் எழுது. இந்த அளவு சரியாக அமையவில்லை என்றால் என்னை வைத்துக்கொள்வார்களா என்று பயமாக இருக்கிறது. நேரமாகிவிட்டது, பாப்பா புரளுகிறாள்.

உன் அக்கா

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். குட்டி என்றே கூப்பிடு. மதர் படித்தார்கள். "உன் அக்கா கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கே" என்றார்கள். அதோடு சரி.

என் முழங்கால் பழகிவிட்டது. என்னைப் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் சுடும் அறையில் போட்டிருக்கிறார்கள். மாவு கரைப்பது, தகட்டில் ஊற்றுவது, வட்டமாக வெட்டுவது. மூன்று பட்டம் வாங்கியவளும் ஐந்தாம் வகுப்போடு நின்றவளும் ஒரே மேசையில். நான்தான் அதிகம் உடைக்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். பொருளாதாரப் புத்தகம் முந்நூறு பக்கம் சுற்றிச் சொன்னதைச் சிறுவயதில் படித்த ஞானோபதேசம் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டது: ஜென்மப் பாவம். ஆதாமின் பிள்ளை எவனும் தன் பக்கம்தான் இழுப்பான். மதர் எண்ணிக்கை கேட்கும் நாளில் எங்கள் கையும் தானாக மெதுவாகிறது. இன்றைக்கு ஐந்நூறு என்று காட்டிவிட்டால் நாளைக்கும் ஐந்நூறு கேட்பார்களே! கன்னியர் மடத்திலேயே இந்த லட்சணம் என்றால் தொழிற்சாலையில் கேட்கவா வேண்டும்? தயங்காமல் ஐந்தில் ஒரு பங்கு கழி. உன் மேலாளர் கேட்டால் ஆதாம் கணக்கு என்று சொல்.

ஒரு விஷயம். தவக்காலம் முழுக்க, சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது, எழுதவும் படிக்கவும். வருவதெல்லாம் மதரின் மேசை டிராயரில் தூங்கும். பயப்படாதே. அத்தானுக்காகத் தினமும் செபிக்கிறேன்.

உன் குட்டி

பிப்ரவரி 22

அன்புள்ள குட்டி,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். நீ சொன்னபடியே செய்தேன்.

காலர் வரிசையில் பதினான்கு பேர். நான் அளந்தது சிட்டுவை. அது பட்டப்பெயர்தான், ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அவரை யாரும் வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. நாற்பது வயதிருக்கும், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அம்மா. நான் சேர்ந்த முதல் வாரத்தில் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்து நின்றபோது, துணிக் கிடங்குக்குள் என்னை அனுப்பிவிட்டு வாசலில் நின்று காவல் காத்தவர். சூப்பர்வைசர் தேடி வந்தபோது, "உள்ள எலி செத்துக் கிடக்கு, மேடம் பார்க்கறாங்க. நீங்களும் வர்றீங்களா?" என்றாராம். அவர் வந்த வழியே ஓடியிருக்கிறார்.

வரிசையில் எனக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "கடிகாரம் வருது, தலையைக் குனிங்கடி!"

பத்து காலரை அளந்தேன். சராசரி நாற்பது வினாடி. ஐந்தில் ஒரு பங்கு கழித்தேன், முப்பத்திரண்டு. மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு. மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, உங்களை அனுப்பிடலாமான்னு நினைச்சேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் பாப்பாவின் கையைப் பிடித்துத் தட்ட வைத்தார்.

கழிப்பதற்கு என்ன ஆதாரம் என்று மேலாளர் கேட்கவே இல்லை.

உன் அக்கா

மார்ச் 14

குட்டிக்கு,

இது டிராயருக்குத்தான் போகும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். உபவாசம் என்று மயங்கி விழாதே.

புது இலக்கைப் பலகையில் எழுதி இரண்டு வாரம் ஆகிறது. ஒருத்தரும் எட்டவில்லை. எண்பதைத் தாண்டியவர் மூன்று பேர். மேலாளர், "வேணும்னே பண்றாங்க. இறுக்கினா வரும்" என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

வரிசையில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டும், போனால் ஏழு காலர் போய்விடும். தண்ணீர்ப் பாட்டில்கள் காலையில் எப்படி வந்தனவோ அப்படியே மாலையில் திரும்பிப் போகின்றன. கடைசி மெஷினில் இருக்கும் பெண்ணுக்கு ஐந்து மாதம். அவள் மட்டும் போகிறாள். போய் வரும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

என்னைக் கடிகாரம் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது மேடம்.

சிட்டுவும் எழுபத்தைந்தில் நிற்கிறார். அன்றைக்கு நாற்பது வினாடியில் செய்தவருக்கு இப்போது ஏன் ஐம்பது ஆகிறது? எனக்குப் புரியவில்லை. கேட்க வேண்டும். கேட்கப் பயமாகவும் இருக்கிறது.

அக்கா

மார்ச் 29

குட்டி,

கேட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அன்னிக்கு நாற்பதுல முடிச்சீங்களே, இப்ப ஏன் முடியலை?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப முடியலையா? அன்னிக்கும் முடியலை கண்ணு. ஓடினேன்."

"எதுக்கு ஓடினீங்க?"

"எதுக்கா? வாட்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற, கை கிடுகிடுன்னு ஆடுது. நல்ல நம்பர் வரலைன்னா உன்னை அனுப்பிடுவாங்கன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டதை டீ கொடுக்கிற அம்மா வந்து சொன்னாங்க. கைக்குழந்தைக்காரி, புருஷன் வேற படுத்துக் கிடக்கான். சரி, பத்து காலர்தானே, பல்லைக் கடிச்சு நல்ல நம்பரா எடுத்துக் குடுப்போம்னு ஓடினேன். மறுநாள் தோளைத் தூக்க முடியலை தெரியுமா? நீ அதுக்கு மேலயும் கழிப்பேன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

எல்லாரும் தங்கள் பக்கம் இழுப்பார்கள் என்றுதானே குட்டி கழித்தேன்? அவர் என் பக்கம் இழுத்திருக்கிறார். அவர் ஓடிக் குறைத்துத் தந்த நேரத்திலிருந்தே நான் திருட்டுக்கென்று கழித்திருக்கிறேன். இரண்டுமாகச் சேர்ந்து இப்போது பதினான்கு பேர் கழுத்தில் நிற்கிறது.

மேலாளரிடம் சொன்னால் என் வேலை போகும். இன்னும் மூன்று மாதத்தில் நிரந்தரம் ஆகிவிடுவேன். அதற்குப் பிறகு சொன்னால் என்ன? அத்தானிடம் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தேன் என்று அவர் சந்தோஷமாக இருக்கிறார். அந்த நேரத்தில் இதை எப்படிச் சொல்வது?

எனக்கு ஒரு வரி எழுத மதரிடம் அனுமதி கேட்க முடியாதா? இதை நீ இப்போது படிக்கவே போவதில்லை என்பதை மறந்துவிட்டு எழுதுகிறேன் பார்.

அக்கா

ஏப்ரல் 11

குட்டி,

போன வாரம் செவ்வாய்க்கிழமை சிட்டுவின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. நகத்துக்கு மேலே நுழைந்து கீழே வந்தது. வேகத்தில் கையை எடுக்க மறந்துவிட்டார். பெரிதாகக் கத்தக்கூட இல்லை. "காலர்ல ரத்தம் படப்போகுது, துணியை எடுங்கடி" என்றார்.

வியாழக்கிழமை அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் "தொடர்ந்து இலக்கை எட்டாதவர்" என்று எழுதியிருந்தது. விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த இலக்கின் கீழே இருப்பது என் கையெழுத்து. அவர் வாசலைத் தாண்டும்போது நான் ஜன்னல் பக்கம்தான் நின்றேன். கூப்பிடவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிக்குப் பின்னால் இருந்த சாமியார் முழுதும் கேட்டார். பிறகு, "மனம் வருந்துறது தெரியுதும்மா. அந்த அம்மாவுக்குப் போனதைத் திருப்பிக் கொடுக்க உன்னால ஆனதைச் செய்வியா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அவ்வளவு மெதுவாகக் கேட்டார். "என் குழந்தைக்கு யார் சாமி சோறு போடுவா?" என்று சொல்லிவிட்டு, மன்னிப்பு வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

போன ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் போனார்கள். மன்னிப்பு வாங்காத நான் எப்படிப் போவது என்று பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊன்றுகோலோடு வந்திருந்த உன் அத்தான் என்னையே பார்த்தார். குழந்தை தூங்குகிறாள், எழுந்தால் முழித்துக்கொள்வாள் என்றேன்.

அவள் முழித்துத்தான் இருந்தாள்.

அக்கா

ஏப்ரல் 22

அன்பான அக்காவுக்கு,

ஆண்டவர் உயிர்த்தார் என்று தொடங்க வேண்டும். தொடங்குகிறேன். பாப்பாவும் அத்தானும் சுகமா?

உன் மூன்று கடிதங்களையும் நேற்று ஒரே மூச்சில் படித்தேன். படித்த பிறகு அப்பம் வெட்டப் போனேன், கை ஓடவில்லை. நீ நாற்பது நாள் யாரும் கேட்காத இடத்தில் கத்திக்கொண்டிருந்திருக்கிறாய். நான் பத்தடி தூரத்தில் டிராயருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என் ஆன்மாவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

ஐந்தில் ஒரு பங்கு என்பது நான் சொன்னது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை அக்கா. நன்றாக இருக்கிறதே என்று எழுதினேன். நீ ரசிப்பாய் என்று எழுதினேன். உன் வேலையே அதில் தொங்குகிறது என்று நீ எழுதியிருந்தும்.

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "ஆதாம் விழுந்தான், சரி. விழறதுக்கு முன்னாடி அவன் யாருடைய சாயல்ல இருந்தான்? விழுந்ததும் அந்தச் சாயல் முழுசா அழிஞ்சு போச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்கள். பதில் தெரியும். எட்டு வயதில் மனப்பாடம் செய்த பதில்: கடவுளின் சாயல். மனிதனைப் பாதி மட்டும் படித்துவிட்டு உனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மனிதன் திருடுவான் என்பதற்கு என்னிடம் பங்கு இருந்தது. கொடுப்பான் என்பதற்கு ஒன்றும் ஒதுக்கவில்லை.

வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு மூன்று வேளையும் மணி அடித்தால் சாப்பாடு. ஆனால் திரும்பவும் அளக்க ஒரு வழி இருக்கிறதா என்று மட்டும் பார். நான் வந்து சாட்சி சொல்ல வேண்டுமென்றாலும் வருகிறேன். மடத்தில் பயிற்சியில் இருக்கும் நவகன்னி வந்து தொழிற்சாலையில் நின்றால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

உன் குட்டி

மே 6

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகம். பாப்பா கையை விட்டு மூன்று அடி நடந்தாள். அத்தான் கட்டுப் பிரித்தாயிற்று, கால் குச்சியாக இருக்கிறது, எண்ணெய் தேய்க்கிறோம். வெயில் அதிகம். தொழிற்சாலையில் புதிதாக இரண்டு மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள். உனக்கு உள்பாவாடை தைத்து அனுப்பட்டுமா, என்ன நிறம் என்று மதரிடம் கேட்டு எழுது.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

மே 17

அக்காவுக்கு,

சுகம். வெள்ளை நிறம்தான், ஆனால் அனுப்ப வேண்டாம்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மின்விசிறிகூட இருக்கிறது. சிட்டு இல்லை.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் எட்டு மின்விசிறி எழுதியிருப்பேன். நீ வாயை மூடிக்கொண்டு நிரந்தரம் ஆனாலும் எனக்கு அக்காதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ உட்கார்ந்தே இருக்கும் இடம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நாங்கள் சுடும் அப்பத்தை எண்ணும்போதெல்லாம், ஒன்று மிச்சமாகிறது என்று தோன்றுகிறது.

ஒன்றும் எழுதத் தோன்றாவிட்டால் வெறும் தாளை மடித்தாவது அனுப்பு.

குட்டி

ஜூன் 15

அன்புள்ள குட்டிக்கு,

எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. பாப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல், இப்போது தேவலை. நீ சாப்பிடுகிறாயா?

இரண்டாம் தேதி நேர அளவுத் தாளைத் திரும்பவும் எடுத்து, அடியில் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: "அளக்கப்பட்டவர் எனக்கு உதவுவதற்காக வழக்கத்தைவிட வேகமாகச் செய்தார். கழித்த பங்குக்கும் ஆதாரம் இல்லை. இந்த அளவு தவறு." கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்துக்கொண்டு மேலாளர் மேசையில் வைத்தேன்.

படித்தார். வாய்விட்டுச் சிரித்தார். "உதவறதுக்காகவா? இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். பார்க்கும்போது வேகமாப் பண்ணினவளை நான் பார்த்ததே இல்லை. யாரும்மா உங்களுக்குக் கதை சொன்னது?" ஆனால் ஏற்றுமதிக்குச் சட்டை போய்ச் சேரவில்லை என்ற கவலை அவருக்கும் இருந்தது. அவரே வாட்சை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

அவர்கள் யாரும் ஓடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. எப்போதும் செய்வது போலவே செய்தார்கள். மூன்று பேரை அளந்தார். ஐம்பது வினாடி வந்தது. எனக்கு உயிர் வந்தது போல இருந்தது குட்டி. அப்போது அவர் தாளில் எழுதிக்கொண்டே, "ஐம்பது. அஞ்சில் ஒண்ணு போனா நாற்பது. மணிக்குத் தொண்ணூறு" என்றார்.

"ஏன் சார் கழிக்கறீங்க?" என்றேன்.

"நீங்க கொண்டுவந்த முறைதானேம்மா? நல்ல முறை. எல்லாப் பிரிவுக்கும் போட்டாச்சு, மார்ச்சிலயே."

சிட்டு எனக்காகப் பல்லைக் கடித்துப் பத்து காலருக்கு ஓடினாரே, அந்த நாற்பது வினாடி. அதை இனி அந்த வரிசை முழுதும் நாள் முழுக்க ஓட வேண்டும். சத்தம் போட்டேன். நான் சத்தம் போட்டு நீகூடக் கேட்டதில்லை. மனிதர்களை அப்படிக் கழிக்கக்கூடாது, அவர்கள் பாதிதான் அப்படி என்று என்னென்னவோ சொன்னேன். மெஷின்கள் நின்றுவிட்டன. அவர் கோபப்படவில்லை. "தப்பா அளந்தேன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. இனிமே உங்க அளவை யாரு நம்புவா?" என்றார். மாலையில் கணக்கு முடித்துவிட்டார்கள்.

அத்தானிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாமே. நான் கால்தானே உடைஞ்சு கிடந்தேன்" என்றார். அதற்கு அழுதேன்.

மறுநாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சிட்டு வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அவர் இடது கையால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வலது கையில் அந்த விரல் மடங்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே மன்னிப்புக் கேட்டு, அளவு தவறு என்று எழுதிக் கொடுத்ததையும் அதன் நகல் வீட்டில் இருப்பதையும் சொன்னேன். என் வேலையும் போய்விட்டது என்றேன். அதைச் சொன்னால் மனம் இளகுவார் என்று எண்ணியிருந்தேன் போல.

பாத்திரத்தை ணங்கென்று போட்டார்.

"உனக்கு மூளை இருக்கா? உனக்கு வேலை நிலைக்கணும்னுதானே ஓடினேன்? என் கை போனாலும் அவளாவது உள்ள இருக்காளேன்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அதையும் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்து நிக்கிறியே! நான் குடுத்ததைத் தூக்கிப் போட உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

என்னை வெறுக்கிறார் என்று இரண்டு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் என் வேலையைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே போ என்றார். வாசல்வரை போனேன். "குழந்தையைக் குடுத்துட்டுப் போய் அந்த நகலை எடுத்துட்டு வா" என்றார்.

பிறகுதான் பேசினோம். தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்திருக்கிறோம், அவர் பெயரிலும் என் பெயரிலும். என் தாள்தான் சாட்சி. இலக்கே தவறு, அந்தத் தவறான இலக்குக்காக அவரை அனுப்பியது செல்லாது, பதின்மூன்று பேருக்கும் அதை மாற்ற வேண்டும். அதுதான் மனு. நாளை காலை பதினொரு மணிக்கு விசாரணை. அளவு ஏன் தவறாகப் போனது என்று அதிகாரி கேட்பார். உள்ளதைத்தான் சொல்ல வேண்டும், வேறு காரணம் எங்களிடம் இல்லை. சம்பளத்துக்கு இல்லாமல், யாரும் கேட்காமல், ஒட்டும் உறவும் இல்லாத ஒருத்திக்காக ஒரு பெண் வேகமாகக் காலர் தைத்தாள் என்று மேசைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

"எவன் நம்புவான்?" என்கிறார் சிட்டு. "எனக்கே இப்ப நம்பிக்கை இல்லை. நீ சொல்லு, நான் ஆமான்னு தலையாட்டறேன்."

சனிக்கிழமை அதே சாமியாரிடம் போய் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்து மன்னிப்பு வாங்கினேன். இன்று காலை பூசையில் அப்பம் வாங்க வரிசையில் போனேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

இது உன் கைக்கு வரும்போது விசாரணை முடிந்திருக்கும். இருந்தாலும் செபம் செய். மதரையும் செய்யச் சொல். எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று கேட்காதே, அதை நான் பிறகு கேட்டுக்கொள்கிறேன். நான் அதைச் சொல்லும்போது அந்த அதிகாரி சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேள்.

உன் அக்கா